சேப்பாக்கத்தில் 744-க்கு 744



நம் பக்கத்தில் திடல் என்று சொன்னால் காற்பந்துதான் நினைவுக்கு வரும். கிரிக்கெட் என்றால், "அதெல்லாம் கிளப்புல துரைமாருங்க வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஆடுறது" என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அது முழுக்கச் சரியில்லை. 1932 ஜூன் மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது, அந்தப் பதினொரு பேரில் ஒருவர் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங். நம் மண்ணின் பிள்ளை! அவர் கதையைத் தனியாக எழுத வேண்டும். இங்கே நான் சொல்ல வந்தது சென்னையில் நடந்த வேறோர் ஆட்டம்.

இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பழைய ஆட்டங்களின் சுருக்கப் பதிவுகளைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். ஐந்து நாள் ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பந்து எல்லைக் கோட்டைத் தாண்டும், விக்கெட் சாயும், கூட்டம் கத்தும். 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஆட்டத்தையும் அப்படிப் பார்த்துவிடலாம். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எதை வெட்டி எறிந்தார்கள் என்று யாராவது கேட்டதுண்டா?

முதலில் கணக்கு. மாணவர்களே, பென்சிலை எடுங்கள். ஆஸ்திரேலியா முதல் முறை 574, இரண்டாம் முறை 170. இந்தியா முதல் முறை 397, இரண்டாம் முறை 347. கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் 744! நேரம் முடிந்து வெற்றி தோல்வி இல்லாமல் கலைவதை 'டிரா' என்பார்கள். அது அடிக்கடி நடக்கும். இது 'டை'. கடைசியாக மட்டை பிடித்த அணியின் பத்து விக்கெட்டும் விழுந்து, மொத்த ஓட்டமும் சமமாக நிற்க வேண்டும். 1877-இல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது முதல் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடந்தாயிற்று. இப்படி முடிந்தவை இரண்டே இரண்டு. முதலாவது 1960 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், மேற்கிந்தியத் தீவுகளோடு. அன்று களத்தில் ஆடிய பாப் சிம்சன், 1986-இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலிய அணியின் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார். என்ன பொருத்தம் பாருங்கள்!

இனி வெயிலுக்கு வருவோம். சேப்பாக்கத்துக்கு ஒரு பக்கம் மெரீனா கடற்கரை, இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். கடலின் ஈரக்காற்றும் கால்வாயின் நாற்றமும் கலந்து அடிக்கும் புழுக்கம் அது. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸுக்கு அப்போது வயது 25. அது அவருடைய மூன்றாவது டெஸ்ட்தான். அந்தப் புழுக்கத்தில் அவர் எட்டு மணி நேரத்துக்கும் மேல் மட்டை பிடித்து, 330 பந்துகளைச் சந்தித்து, 210 ஓட்டம் எடுத்தார். ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார். உடம்பில் நீர் வற்றிப்போனது. 170-ஐத் தாண்டியபின், "என்னால் முடியாது, போகிறேன்" என்றார். அணித்தலைவர் ஆலன் பார்டர் விடவில்லை. "போ, உறுதியான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்று குத்தலாகச் சொல்லியே நிற்க வைத்தார். (பார்டர் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.) ஆட்டமிழந்ததும் ஜோன்ஸை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சொட்டு மருந்து ஏற்றினார்கள்.

விடியற்காலைப் பெரட்டில் நின்று, நிரை பிடித்து, உச்சி வெயிலில் பால் வாளி தூக்கியவர்களுக்கும், செம்பனைக் குலை வெட்டித் தோள் கடுத்தவர்களுக்கும் எட்டு மணி நேரம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. சுருக்கப் பதிவில் ஜோன்ஸின் 27 பவுண்டரிகள் வரும், 2 சிக்ஸர்கள் வரும். மற்ற முந்நூற்றுச் சொச்சம் பந்துகள் எங்கே?

இந்தியாவுக்கும் அதே வெயில்தான். ஃபாலோ-ஆன் ஆகாமலிருக்க 375 வேண்டும். கபில்தேவ் 119 அடித்து மானத்தைக் காத்தார். கடைசி நாள் காலையில் பார்டர் மேற்கொண்டு ஆடாமல், "348 எடுத்து ஜெயித்துக்கொள்" என்று சவால் விட்டார். நம் சென்னைப் பிள்ளை ஸ்ரீகாந்த் 39, கவாஸ்கர் 90. வெற்றி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அன்று கிரெக் மேத்யூஸ் அந்தப் புழுக்கத்திலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் பந்து வீசினார். அவர் வீசியது 239 பந்துகள். விக்கெட் விழுந்தது ஐந்து பந்துகளில். மீதி 234 பந்துகளையும் பதிவில் தேடாதீர்கள்.

ஆறு விக்கெட்டுக்கு 331 என்று இருந்த இந்தியா 344-க்குள் இன்னும் மூன்றை இழந்தது. கடைசி ஓவரில் நான்கு ஓட்டம் வேண்டும், கையில் ஒரே விக்கெட். இரண்டாவது பந்தில் ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், மூன்றாவதில் ஒன்று. சமன்! இனித் தோல்வி இல்லை. ஆனால் எதிரே நின்றவர் மணீந்தர் சிங். மட்டைக்குப் பேர்போனவர் அல்ல. சாஸ்திரி அந்த ஒன்றை எடுக்காமல் இருந்திருக்கலாமே என்று சிலர் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு அவர் செய்தது சரியென்றே படுகிறது. நான்காவது பந்து சும்மா போனது. ஐந்தாவது பந்து மணீந்தரின் காலில் பட்டது. நடுவர் விக்ரமராஜு விரலை உயர்த்தினார்.

மணீந்தர், பந்து முதலில் மட்டையில் பட்டது என்றார். விக்ரமராஜு, படவில்லை, தீர்ப்புச் சரியே என்று பின்னாளிலும் உறுதியாகச் சொன்னார். இத்தகைய தீர்ப்பை மறுபார்வைக்கு அனுப்பும் முறை 2008-இல்தான் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1986-இல் நடுவருக்கு இருந்தவை இரண்டு கண்ணும் ஒரு நொடியும்தான். அந்த ஒரு நொடியை நாம் பத்துத் தடவை, நூறு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். அதற்குப் பிறகு விக்ரமராஜு எந்த டெஸ்ட் ஆட்டத்திலும் நடுவராக நிற்கவில்லை.

ஜோன்ஸ், 2020 செப்டம்பர் 24 அன்று, கிரிக்கெட் வர்ணனைக்காக வந்திருந்த மும்பையில் மாரடைப்பால் காலமானார். சேப்பாக்கம் ஆட்டம் முடிந்து 34 ஆண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தன.

பிள்ளைகள் அந்தப் பதிவை மறுபடி ஓட விட்டால், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். எல்லாரும் விரலையே பார்ப்பார்கள். நீங்கள் மறுமுனையில் நிற்கும் சாஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். 48 ஓட்டம், ஆட்டமிழக்கவில்லை. ஒரு பந்து பாக்கி.