மறையாக்கம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஒரு விடுதி. பௌர்ணமி நெருக்கத்தில் அதன் முன்பதிவுத் தளம் திறக்கவில்லை. ஜாவா சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, “குறியாக்கப் பிரச்சினை சார்” என்றார். உண்மையில் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அது என்கிரிப்ஷன் சங்கதி. குறியாக்கம் என்பது என்கோடிங். அது பிசகினால் பக்கம் திறக்கும், தமிழெழுத்துதான் கேள்விக்குறிகளாகும். என்கிரிப்ஷனின் வேர், ‘ஒளிந்த’ என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல் கிரிப்டோஸ். நம்மிடம் ‘மறை’ இருக்கிறதே! தொல்காப்பியத்தில் மந்திரம் மறைமொழி, குறளின் காமத்துப்பாலில் மறை என்றால் காதல் ரகசியம், வேதமும் மறைதான். என்கிரிப்ஷனுக்கு ‘மறைகுறியாக்கம்’ என்று சிலர் மறையையும் குறியாக்கத்தையும் ஒட்டுகிறார்கள்; நீளம்தான் மிச்சம். என் ஓட்டு மறையாக்கத்துக்கே.