இடையன்குடியில் ஒரு வீடு

முதுகலை வகுப்பில் மொழிநூல் பாடம் கால்டுவெல்லின் பெயரோடுதான் தொடங்கும். 1856 என்னும் ஆண்டையும் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' என்னும் நூற்பெயரையும் மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்நூலை எழுதியவருக்கு ஒரு வீடு இருந்தது; அவ்வீட்டில் மனைவியும் ஏழு பிள்ளைகளும் இருந்தார்கள். வாசலில் எப்போதும் ஓர் ஊர் காத்திருந்தது. நாம் மறந்துவிட்ட அந்த வீட்டைப் பற்றியே இக்கட்டுரை.

நெல்லைச் சீமைக்கு இரண்டு முகங்கள் உண்டு. தாமிரபரணி பாயும் இடமெல்லாம் வயலும் வாழையும் கோயில் நகரங்களும். ஆற்றுநீர் எட்டாத தென்கிழக்கில் செம்மணல் தேரியும் பனங்காடும். 1838இல் சென்னைக்கு வந்த இராபர்ட் கால்டுவெல், மூன்றாண்டுகளுக்குப்பின் நீலகிரி வழியாக நடந்தே தெற்கு நோக்கி வந்தார். அவர் தங்குமிடமாக அமைந்தது ஆற்றங்கரை அன்று, தேரிக்காட்டு இடையன்குடி. 1841 முதல் 1883 வரை, நாற்பதாண்டுகளுக்கு மேல் அதுவே அவர் ஊர்.

1844இல் அவர் எலைசாவை மணந்தார். நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட்டின் மகள் அவர். கால்டுவெல் தமிழைக் கற்றுக்கொண்டவர். எலைசாவோ தமிழ் பேசும் மக்களிடையே வளர்ந்தவர். இலக்கணம் எழுதியவரின் வீட்டில் பேச்சுத்தமிழ் இயல்பாகப் புழங்கியது மனைவியின் நாவில்தான் என்பதை நம் இலக்கிய வரலாறுகள் சொல்வதில்லை. எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். நாகர்கோவிலில் தம் தாய் பரப்பிய ரேந்தைப் பின்னலை இடையன்குடிப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பனந்தொழில் பருவம் ஓய்ந்தால் வருவாயற்றுப்போகும் குடும்பங்களில், பெண்ணின் கையில் சொந்தக் காசு புழங்கத் தொடங்கியது சிறிய செய்தியா?

கால்டுவெல் ஊருக்கு நேரான தெருக்கள் வகுத்தார், பள்ளிகள் எழுப்பினார். 1847இல் அடிக்கல் நாட்டிய திரித்துவ ஆலயம் 1880இல்தான் நிறைவுற்றது. அந்த முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குள்ளேயே ஒப்பிலக்கணத்தின் முதற்பதிப்பும், பெரிதும் விரிந்த 1875ஆம் ஆண்டுப் பதிப்பும் வந்தன. பேராயராக 1877இல் திருநிலைப்படுத்தப்பட்டபோது பஞ்சம் நாட்டை வாட்டிக்கொண்டிருந்தது. நெல்லை மாவட்ட வரலாற்றை அவர் 1881இல் வெளியிட்டார். தாமிரபரணிக் கழிமுகத்தில் பாண்டியரின் பழந்துறைமுகமான கொற்கையை ஆராய்ந்தவரும் அவரே.

ஆயினும் நன்றியுணர்வு நம் கண்ணை மறைத்துவிடக் கூடாது. தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த பனையேறும் மக்களைப் பற்றி 1849இல் அவர் ஒரு சிறுநூல் எழுதினார். அம்மக்களின் அறிவையும் வழிபாட்டையும் தாழ்வாக மதிப்பிட்ட நூல் அது. கல்வியில் உயர்ந்து அதைப் படித்தறிந்த அச்சமூகத்தினர் அவர் வாழ்நாளிலேயே கண்டனம் எழுப்பினர். அவர் நடத்திய பள்ளிகளும் அக்கல்விக்கு வழிவகுத்தவை என்பதை எண்ணும்போது, அன்பு இருந்த நெஞ்சில் மதிப்பு உடன் வளரவில்லையோ என்று தோன்றுகிறது. தொண்டு செய்பவர் எவரும் இதைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் அவர் மறைந்தார். மலையிலிருந்து தேரிக்கு உடலைக் கொணர்ந்து, அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தனர். மூன்றாண்டு கழித்து அவருடைய நினைவுக்குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டவர் அவர் மருமகன் வயட். எலைசா 1899 வரை வாழ்ந்தார்.

சென்னைக் கடற்கரையில் 1968 முதல் கால்டுவெல் சிலையாக நிற்கிறார். இடையன்குடி வீட்டைத் தமிழக அரசு 2011இல் நினைவில்லமாக்கியது. சிலையின் முன் நிற்கும்போது அறிஞர் மட்டுமே தெரிவார். அந்த வீட்டின் முன் நின்றால் கணவரும் தந்தையும், பிழை செய்த மனிதரும், எல்லாவற்றுக்கும் மேலாக எலைசாவும் சேர்ந்தே நினைவுக்கு வருவார்கள். மாணவர்களை அழைத்துச் செல்வதானால், சிலைக்கு முன் அவ்வீட்டுக்கே அழைத்துச் செல்வேன்.