இலங்கைப் பல்கலைக்கழகம் (1972–1978)

இலங்கைப் பல்கலைக்கழகம் என்பது 1972 ஆம் ஆண்டு முதல் 1978 ஆம் ஆண்டு வரை இலங்கையில் இயங்கிய ஒரே பல்கலைக்கழகம் ஆகும். அதுவரை தனித்தனியாக இயங்கிவந்த உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்தும் இதன் கீழ் வளாகங்களாக மாற்றப்பட்டன. தொடக்கத்தில் பேராதனை, கொழும்பு, வித்தியோதயா, வித்தியாலங்காரா, கட்டுபெத்தை என ஐந்து வளாகங்கள் இருந்தன. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் ஆறாவதாகச் சேர்ந்தது. 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் மூலம் இது கலைக்கப்பட்டு, ஆறு வளாகங்களும் ஆறு தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின.

பெயர்

1942 இல் ஐவர் யெனிங்சைத் துணைவேந்தராகக் கொண்டு தொடங்கிய பல்கலைக்கழகமும் தமிழில் இலங்கைப் பல்கலைக்கழகம் என்றே அழைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் முன்னது 'சிலோன்' என்ற பெயரையும், பின்னது 'சிறீ லங்கா' என்ற பெயரையும் தாங்கியமையால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். நாட்டின் பெயர் தமிழில் என்றும் இலங்கையாகவே இருந்துவருவதால், பழைய தமிழ் நூல்களைப் படிப்போர் ஆண்டைக் கொண்டுதான் எந்தப் பல்கலைக்கழகம் எனத் தெரிந்துகொள்ள வேண்டியுள்ளது. 1972 ஆம் ஆண்டின் சட்டம் நிறைவேறியபோது நாடு இன்னும் குடியரசாகவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. குடியரசு அரசியலமைப்பு அவ்வாண்டு மே 22 இலேயே நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

இலங்கையில் பல்கலைக்கழகக் கல்வியின் தொடக்கம் 1921 இல் கொழும்பில் திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி ஆகும். அங்கு பயின்றோர் இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்குத் தோற்றினர். இக்கல்லூரியும், 1870 இல் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரியும் இணைந்து 1942 சூலை 1 இல் முதலாவது பல்கலைக்கழகம் உருவானது. 1952 முதல் இதன் கலைப் பிரிவு கண்டிக்கு அருகில் உள்ள பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. பேராதனை மாணவர்கள் விடுதிகளில் தங்கிப் பயிலும் முறையில் அமைக்கப்பட்டது.

1959 இல் இரண்டு பௌத்த பிரிவேனாக்கள் பல்கலைக்கழகங்களாக உயர்த்தப்பட்டன. 1873 இல் கொழும்பு மாளிகாகந்தையில் தொடங்கிய வித்தியோதய பிரிவேனா வித்தியோதயாப் பல்கலைக்கழகம் ஆகியது. 1875 இல் பேலியகொடையில் தொடங்கிய வித்தியாலங்கார பிரிவேனா களனியில் வித்தியாலங்காராப் பல்கலைக்கழகம் ஆகியது. 1967 இல் பேராதனையும் கொழும்பும் பிரிந்து இரு பல்கலைக்கழகங்களாயின. கட்டுபெத்தையில் 1960 இல் கனடிய உதவியுடன் அமைக்கப்பட்ட செயல்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் 1966 முதல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாக இயங்கியது.

1960 களில் கலைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. இலவசக் கல்வியின் பயனாக நாட்டுப்புறப் பள்ளிகளில் இருந்தும் மாணவர்கள் பெருமளவில் பல்கலைக்கழகம் புகுந்தனர். ஆனால் கலைப் பட்டம் பெற்றவர்களுக்குப் போதிய வேலைகள் இருக்கவில்லை. 1971 ஏப்பிரலில் மக்கள் விடுதலை முன்னணி (ஜே.வி.பி.) நடத்திய ஆயுதக் கிளர்ச்சியில் படித்த இளைஞர் பலர் பங்குகொண்டமை அரசைத் திடுக்கிடச் செய்தது. பல்கலைக்கழகங்களை ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்து, பாடநெறிகளை வேலைவாய்ப்புடன் பொருத்தும் எண்ணம் இச்சூழ்நிலையில் வலுப்பெற்றது. வீண் செலவைக் குறைப்பது ஒரு நோக்கமாகச் சொல்லப்பட்டது. மாணவர்களையும் ஆசிரியர்களையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கும் விருப்பம் அதற்குக் குறையாத காரணமாக இருந்தது எனலாம்.

1972 ஆம் ஆண்டின் சட்டம்

1972 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் அவ்வாண்டு பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்போது சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமராகவும், பதியுதீன் மகுமூத் கல்வி அமைச்சராகவும் இருந்தனர். பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே உரியதாயிற்று. துணைவேந்தரும் தலைமை அலுவலகமும் கொழும்பில் இருக்க, ஒவ்வொரு வளாகமும் ஒரு தலைவரின் பொறுப்பில் விடப்பட்டது. வளாகத் தலைவர்களை நியமிக்கும் அதிகாரம் அமைச்சரிடம் இருந்தது. கட்டுபெத்தைத் தொழில்நுட்பக் கல்லூரியுடன் தொடர்புடையவரான பேராசிரியர் எல். எச். சுமணதாச முதல் துணைவேந்தரானார்.

இச்சட்டத்தின் ஒரு தன்மை பின்னர் எதிர்பாராத பயனைத் தந்தது. புதிய பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவ நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் தேவை. ஆனால் புதிய வளாகம் ஒன்றை அமைக்க அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தலே போதுமானது. யாழ்ப்பாணம் இவ்வழியாகவே உயர்கல்வி நிறுவனம் ஒன்றைப் பெற்றது.

வளாகங்களும் பாடநெறிகளும்

ஒரே துறை பல இடங்களில் இயங்குவதைத் தவிர்த்து, துறைகளை வளாகங்களுக்கிடையே பங்கிடுவது சீரமைப்பின் முக்கிய பகுதியாகும். கட்டடக்கலைப் பாடநெறி கொழும்பிலிருந்து கட்டுபெத்தைக்கு மாற்றப்பட்டது. பேராதனையில் இருந்த கல்வியியல் துறை கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. இத்தகைய இடமாற்றங்களை ஆசிரியர்கள் பலர் விரும்பவில்லை. நூலகமும் ஆய்வுகூடமும் ஓரிடத்திலும் துறை வேறோரிடத்திலும் இருக்கும் நிலை சில இடங்களில் உருவானது.

பேராதனை வளாகமே பாடநெறிகளில் மிகவும் விரிந்தது. மருத்துவம், பல்மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, பொறியியல், அறிவியல், கலை ஆகிய அனைத்தும் அங்கு இருந்தன. கொழும்பு வளாகத்தில் மருத்துவமும் அறிவியலும் கலைப் பாடங்களும் கற்பிக்கப்பட்டன. சட்டப் பட்டப்படிப்பு அங்கு மட்டுமே இருந்தது. கட்டுபெத்தை வளாகம் பொறியியலுக்கும் கட்டடக்கலைக்கும் உரியது. பேராதனைக்கு வெளியே பொறியியற் பட்டம் பெறும் வாய்ப்பு இவ்வளாகத்தினால் உண்டாயிற்று. பழைய நிறுவனத்தின் தொழில்நுட்ப டிப்புளோமாவும் அங்கு தொடர்ந்து வழங்கப்பட்டது.

நுகேகொடைக்கு அருகில் கங்கொடவிலையில் இருந்த வித்தியோதயா வளாகம் வணிக நிருவாகம், பொது நிருவாகம் ஆகிய துறைகளில் பெயர் பெற்றது. களனியில் இருந்த வித்தியாலங்காரா வளாகம் பௌத்தம், பாளி, சிங்களம், மொழியியல் ஆகியவற்றில் வலுவானது. பிரிவேனாக்களில் இருந்து தோன்றிய இவ்விரு நிறுவனங்களிலும் தமிழ்த்துறை அறிஞர்கள் பணியாற்றினர். கா. சிவத்தம்பி வித்தியோதயாவிலும், க. கைலாசபதி வித்தியாலங்காராவிலும் கற்பித்தனர்.

வழக்கமான பட்டங்களுக்கு அப்பால் வேலைவாய்ப்பை நோக்கிய அபிவிருத்திக் கற்கைநெறிகள் அறிமுகப்படுத்தப்பட்டன. கலைத்துறை மாணவருக்கும் நிருவாகம், திட்டமிடல் போன்றவற்றில் பயிற்சி தருவது இவற்றின் நோக்கம். நாட்டில் வேலைகள் பெருகாத நிலையில் பாடநெறியை மட்டும் மாற்றுவதால் பெரும் பயன் விளையவில்லை. வளாகங்களில் இடம் கிடைக்காதோருக்காக வெளிவாரிச் சேவைகள் அமைப்பு ஒன்று இயங்கியது. 1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உருவானபோது இவ்வமைப்பு அதனுடன் இணைக்கப்பட்டது.

மாணவர் அனுமதியும் தரப்படுத்தலும்

பல்கலைக்கழகம் ஒன்றாக்கப்பட்ட ஆண்டுகளே அனுமதி முறை பற்றிய சர்ச்சை உச்சம் அடைந்த ஆண்டுகளும் ஆகும். சர்ச்சை 1972 க்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1971 ஆம் ஆண்டு அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வகுக்கப்பட்டன. பேராதனையில் பொறியியல் பயிலத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளிகளும் பெற வேண்டியிருந்தது. மருத்துவத்துக்கு இவை முறையே 250, 229 ஆக இருந்தன. பொறியியல் மாணவர் அனைவரும் இறுதியில் ஆங்கிலத்திலேயே கற்றனர் என்பதால் இவ்வேறுபாடு தமிழ் மாணவரிடையே கடுங்கசப்பை உண்டாக்கியது.

1973 இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் அதனுடன் மாவட்ட ஒதுக்கீடும் நடைமுறைக்கு வந்தன. மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் பகிரப்பட்டதால் யாழ்ப்பாண மாவட்டம் பெரிதும் பாதிக்கப்பட்டது. கொழும்பு மாவட்டமும் இடங்களை இழந்தது. பொறியியல் அனுமதியில் தமிழரின் பங்கு 1973 இல் 24.4 விழுக்காடாக இருந்து 1974 இல் 16.3 விழுக்காடாகக் குறைந்தது. மறுபுறம், நல்ல அறிவியற் பள்ளிகள் இல்லாத மலைநாட்டுச் சிங்களப் பகுதிகள், முசுலிம்கள், வன்னி, மட்டக்களப்பு போன்ற இடங்களின் மாணவர்களுக்கு மாவட்ட முறை ஓரளவு வழிதிறந்தது. தரப்படுத்தல் பற்றிய எழுத்துகளில் மொழிவாரி முறையும் மாவட்ட முறையும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. விளைவுகளில் அவை வேறுபட்டவை.

1976 இல் 70 விழுக்காடு இடங்கள் புள்ளி அடிப்படையிலும், எஞ்சியவை மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்பட்டன. மொழிவாரித் தரப்படுத்தல் புதிய அரசினால் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு மாற்றங்களுடன் பின்னரும் தொடர்ந்தது.

யாழ்ப்பாண வளாகம்

தமிழர் பகுதியில் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை 1950 களிலேயே இருந்தது. எங்கு, எத்தகையது என்பதில் ஒற்றுமை இருக்கவில்லை. தமிழரசுக் கட்சி திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றது. யாழ்ப்பாணத்தில் இந்துப் பல்கலைக்கழகம் அமைய வேண்டும் என்போரும் இருந்தனர். இந்த இழுபறி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. தரப்படுத்தலினால் எழுந்த எதிர்ப்பைத் தணிக்கும் தேவை அரசுக்கு ஏற்பட்டபோது, 1974 சூலை 15 ஆம் திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தலின் மூலம் யாழ்ப்பாண வளாகம் உருவாக்கப்பட்டது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா 1974 அக்டோபர் 6 இல் அதனைத் திறந்து வைத்தார். திருகோணமலைக் கோரிக்கையை மழுங்கடிக்கும் முயற்சி என இதனைக் கண்டித்தோரும் உண்டு.

வளாகத்துக்குப் புதிய கட்டடங்கள் எழுப்பப்படவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவில் மனிதப் பண்பியற் பீடம் தொடங்கியது. அறிவியற் பீடம் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இயங்கிய இடத்தில் தொடங்கி, பின்னர் திருநெல்வேலிக்கு மாற்றப்பட்டது. மருதனார்மடத்தில் இருந்த இராமநாதன் இசைக் கல்லூரி 1975 இல் வளாகத்துடன் இணைக்கப்பட்டது. இதனால் இசையும் நடனமும் பல்கலைக்கழகப் பாடங்களாயின.

முதல் தலைவராக க. கைலாசபதி நியமிக்கப்பட்டார். தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்தவரும், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவருமான இவர் இடதுசாரித் திறனாய்வாளராக அறியப்பட்டவர். வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா உள்ளிட்ட பலர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தனர். சு. வித்தியானந்தன் 1977 இல் கைலாசபதிக்குப் பின் தலைவரானார். 1978 இல் சிவத்தம்பியும் வந்தார். அவ்வாண்டிலேயே மருத்துவ பீடமும் தொடங்கியது. தெற்கின் வளாகங்களில் சிதறியிருந்த தமிழ் அறிஞர்கள் ஓரிடத்தில் கூடும் வாய்ப்பு இதனால் கிடைத்தது.

நாடு முழுவதற்குமான ஒரே பல்கலைக்கழகத்தின் பகுதி என்பதால் யாழ்ப்பாண வளாகத்தில் சிங்கள மாணவர்களும் பயின்றனர். 1977 ஆகத்தில் தமிழருக்கு எதிரான வன்முறை பரவியபோது, அவர்கள் பாதுகாப்பாகத் தெற்கே அனுப்பிவைக்கப்பட்டனர். நீண்ட காலத்துக்கு அங்கு சிங்கள மாணவர் இல்லாத நிலை உண்டானது.

கலைப்பு

1976 நவம்பரில் பேராதனை வளாகத்தில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். ஏனைய வளாகங்களுக்கும் போராட்டம் பரவியது. வளாகங்களை ஒன்றாக்கியதால் மாணவர் அமைதி அடைவர் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது.

1977 சூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் வளாகங்களைத் தனிப் பல்கலைக்கழகங்கள் ஆக்கியது. நிதியையும் மாணவர் அனுமதியையும் கவனிக்கப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அமைந்தது. சுடான்லி கல்பகே அதன் முதல் தலைவராவார். வித்தியோதயா சிறீ செயவர்தனபுரப் பல்கலைக்கழகம் எனவும், வித்தியாலங்காரா களனிப் பல்கலைக்கழகம் எனவும், கட்டுபெத்தை மொறட்டுவைப் பல்கலைக்கழகம் எனவும் பெயர் மாறின. பேராதனையும் கொழும்பும் தம் இடப்பெயர்களிலேயே பல்கலைக்கழகங்களாயின. யாழ்ப்பாணம் 1979 சனவரி 1 முதல் பல்கலைக்கழகமாக இயங்கியது. வித்தியானந்தன் அதன் முதல் துணைவேந்தர் ஆனார்.

ஆறு பல்கலைக்கழகங்கள் தனித்தனியே இயங்கினாலும், மாணவர் அனுமதி அன்று போல் இன்றும் ஒரே இடத்திலிருந்து செய்யப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் முதியோர் பலர் இப்போதும் பல்கலைக்கழகத்தைக் 'கம்பஸ்' என்றே குறிப்பிடுகின்றனர். வளாகம் என்னும் அமைப்பு பின்னர் வேறு இடங்களிலும் பயன்பட்டது. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் திருகோணமலையில் வளாகம் உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 1997 இல் அமைந்து, 2021 ஆகத்து 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆகியது.