உதரச்சாறும் ஓர் ஒப்பந்தமும்

சமிபாடு பற்றிய ஆய்வின் வரலாற்றை எழுதுவோர் வில்லியம் போமொன்ற் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவரைக் குறிப்பிடத் தவறுவதில்லை. அவருக்குத் தம் இரைப்பையைத் திறந்து கொடுத்தவரின் வரலாறோ அடிக்குறிப்பளவில் நின்றுவிடுகின்றது.

1822 யூன் 6ஆந் திகதி, மிச்சிக்கன் பிரதேசத்து மக்கினோத் தீவிலிருந்த உரோம வணிகக் கும்பனியொன்றின் பண்டசாலையிலே துப்பாக்கியொன்று தவறுதலாக வெடித்தது. படகோட்டும் கூலியாளான பிரெஞ்சுக் கனேடியர் அலெக்சிஸ் சென் மார்ட்டினின் இடப்புறம் சிதைந்தது. போமொன்றின் சிகிச்சையால் அவர் உயிர் பிழைத்தார். ஆயினும், இரைப்பையின் விளிம்பு உடற்சுவரோடு ஒட்டிவிட்டமையால் துவாரமொன்று மூடாது நிலைத்தது.

1825இல், மாட்டிறைச்சி, பன்றிக்கொழுப்பு, பழைய பாண், பச்சைக் கோவா ஆகியவற்றைப் பட்டுநூலிற் கட்டி அத்துவாரத்தினூடே இறக்கி, மணிக்கொரு முறை வெளியே இழுத்துப் பார்த்தார் போமொன்ற். வெளியே எடுத்த உதரச்சாற்றை ஏறத்தாழ 100 பாகை பரனைற்று வெப்பத்தில் வைத்தபோது, அங்கும் இறைச்சி மெல்லக் கரைந்தது. சமிபாடு வெறும் அரைத்தலன்று, இரசாயனச் செயல் என்பது இதனால் உறுதி பெற்றது. (இத்தாலியரான ஸ்பலன்சானி முந்திய நூற்றாண்டிலேயே இக்கருத்துக்கு வழிகோலியிருந்தார்.) வெற்றிரைப்பையிற் சாறு தேங்கிக் கிடப்பதில்லை, உணவு சேர்ந்ததும் சுரக்கின்றது என்றும் போமொன்ற் கண்டார். சினமும் அச்சமும் இரைப்பையின் உட்சுவரை ஒருகாற் சிவந்து உலரவும் ஒருகால் வெளிறவும் செய்வதையும் பதிவு செய்தார்.

அச்சினத்தை உட்சுவரின் நிறமாக மாத்திரம் வாசிப்பது வரலாற்று மாணவனுக்குப் போதாது. சென் மார்ட்டின் மருத்துவரின் வீட்டுப் பணியாளராகவும் இருந்தவர். 1825இலேயே சொல்லாமற் கனடாவுக்குச் சென்றுவிட்ட அவர், 1829இல் மனைவி மக்களுடன் மீண்டும் வரவழைக்கப்பட்டார். 1832இல் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஓராண்டுக்கு 150 டொலருடன் உணவும் உடையும் உறையுளும் அளித்து, பரிசோதனைகளுக்கு அவரைக் கட்டுப்படுத்தியது. கூலிக்கு விற்கப்பட்டது உழைப்பா, உடலா என அவ்வாவணத்தைக் கொண்டு பிரித்தறிதல் எளிதன்று. 1833இல் போமொன்றின் நூல் வெளியாயிற்று. 1834இற் சென் மார்ட்டின் கனடாவுக்குத் திரும்பினார். போமொன்ற் பன்முறை அழைத்தும் அவர் மீண்டு வரவில்லை.

உணவு இரைப்பையை அடையாமலே நரம்புகளின் வழி சாறு சுரப்பதைப் பின்னர் இரசியரான பவ்லோவ் நாய்களிற் காட்டினார். 1905இல் எட்கின்ஸ் கஸ்திரின் என்னும் ஓமோனை முன்மொழிந்தார். மனநிலைக்கும் சமிபாட்டுக்குமுள்ள உறவு இவ்வாறே விளக்கம் பெறத் தொடங்கியது.

போமொன்ற் 1853இல் மறைந்தார். அவருக்குப் பின் 27 ஆண்டுகள் வாழ்ந்த சென் மார்ட்டின் 1880இற் கியூபெக்கில் இறந்தபோது, மருத்துவர்கள் அவ்வுடலைப் பரிசோதிக்க விரும்பினர். குடும்பத்தாரோ, உடல் அழுகும்வரை வீட்டிலே வைத்திருந்து, எட்டடி ஆழத்தில் அடக்கஞ் செய்தனர்.