தொண்டை வலி இதய வால்வை பாதிக்குமா? மைட்ரல் வால்வு பற்றி தெரிந்துகொள்ள வேண்டியவை

குழந்தைக்கு தொண்டை வலி, காய்ச்சல் வந்தால், 'நாலு நாளில் சரியாயிடும்' என்று பலரும் விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால் சிலருக்கு அதே தொண்டை வலி, பல ஆண்டுகள் கழித்து மைட்ரல் வால்வு பிரச்னையாக வந்து நிற்கிறது.

மைட்ரல் வால்வு எங்கே இருக்கிறது?

நுரையீரலில் இருந்து ஆக்சிஜனுடன் வரும் ரத்தம், இதயத்தின் இடது மேலறைக்குள் நுழைகிறது. அங்கிருந்து இடது கீழறைக்கு இறங்கும் வழியில் உள்ள கதவுதான் மைட்ரல் வால்வு. இதயத்தின் மற்ற 3 வால்வுகளுக்கும் தலா 3 இதழ்கள். இதற்கு மட்டும் 2 இதழ்கள். அதனால் ஈரிதழ் வால்வு என்றும் பெயர்.

எப்படி வேலை செய்கிறது?

இதயம் தளரும்போது இதழ்கள் திறந்து ரத்தம் இறங்கும். கீழறை சுருங்கும்போது மூடிக்கொள்ளும். அந்த அழுத்தத்தில், பலத்த காற்றில் குடை மடங்குவது போல இதழ்கள் மேலறைப் பக்கம் மடங்கிவிடக்கூடாது. அதற்காகவே நூல் போன்ற நாண்கள் இதழ்களை கீழறைத் தசைகளுடன் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒரு நாளில் சுமார் 1 லட்சம் முறை இந்தக் கதவு திறந்து மூடுகிறது.

தொண்டை வலிக்கு இதில் என்ன தொடர்பு?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் தொண்டைத் தொற்று வந்த சிலருக்கு, 2 முதல் 3 வாரங்களில் ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். 5 முதல் 15 வயதினரையே இது அதிகம் தாக்குகிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கத் தொடங்கும். மூட்டு வலி ஒரு மூட்டில் இருந்து இன்னொன்றுக்குத் தாவும். மூட்டு வலி போய்விடும், வால்வில் விழுந்த தழும்பு போகாது.

தழும்பேறிய இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கு 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்க வேண்டிய திறப்பு, 1.5 சதுர செ.மீ.க்கு சுருங்கினால் தீவிர பாதிப்பு. ரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சு வாங்கும். கர்ப்ப காலத்தில் உடலில் ரத்த அளவு கூடுவதால், சில பெண்களுக்கு அப்போதுதான் பாதிப்பே தெரியவரும்.

என்ன செய்ய வேண்டும்?

* காய்ச்சலுடன் தொண்டை வலி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பாக்டீரியா தொற்று என்றால், 9 நாட்களுக்குள் ஆன்டிபயாடிக் தொடங்கினாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும்.

* வலி குறைந்துவிட்டது என்று மாத்திரையை பாதியில் நிறுத்த வேண்டாம்.

* ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகள் போடப்படும். அதைத் தவறவிடக் கூடாது.

* வால்வு பாதிப்பை எக்கோ பரிசோதனை காட்டிவிடும். சுருங்கிய வால்வை பலூன் மூலம் விரிக்கலாம். முடியாதபோது அறுவை சிகிச்சை தேவைப்படும்.