உரோமானியரின் கண்ணாடிப் பாத்திரங்கள்

ரொறன்ரோவிலுள்ள றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் உரோமானியர் காலக் கண்ணாடிப் பாத்திரங்களின் தொகுப்பு ஒன்று உண்டு. ஜோன் ஹேய்ஸ் என்பவர் 1975இல் இதற்கு விரிவான விளக்கப்பட்டியலை நூலாக வெளியிட்டார். பேரரசர்களின் செல்வத்தைவிடச் சாதாரண மக்களின் வீட்டு வாழ்வைப் பற்றியே இத்தகைய பாத்திரங்கள் அதிகம் சொல்கின்றன.

ஊதும் முறை

கண்ணாடி உரோமானியரின் கண்டுபிடிப்பன்று. அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே மெசொப்பொத்தேமியாவிலும் எகிப்திலும் கண்ணாடிக் குப்பிகள் செய்தார்கள். களிமண் கருவைச் சுற்றி உருகிய கண்ணாடியைப் படியவைத்துச் செய்தமையால் வேலை மெதுவாக நடந்தது. பொருள் செல்வந்தருக்கே எட்டியது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் சிரிய-பாலஸ்தீனப் பகுதியில், குழாயின் நுனியில் கண்ணாடிக் குழம்பை எடுத்து வாயால் ஊதும் முறை தோன்றியது. அதன்பின் விலை சரிந்தது. உரோம் நகரில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் குவளை வாங்கலாம் என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்.

அன்றாடப் பயன்பாடு

குவளை, கிண்ணம், தட்டு, குடுவை எனச் சாப்பாட்டு மேசையில் கண்ணாடி இடம்பிடித்தது. உலோகம்போல் அது உணவில் வாடையோ சுவையோ ஏற்றுவதில்லை. பொதுக் குளியலறைக்குப் போகிறவர்கள் சிறு உருண்டைக் குப்பியில் எண்ணெய் கொண்டுபோனார்கள். சதுரப் போத்தல்கள் பெட்டிக்குள் இடைவெளியின்றி அடுக்க வசதியானவை. நீண்ட கழுத்துடைய சிறு குப்பிகளில் வாசனைத் தைலம் இருந்தது. கல்லறைகளில் கிடைத்ததால் இவற்றைத் துக்கம் கொண்டாடியோரின் 'கண்ணீர்க் குப்பிகள்' என்று பிற்காலத்தவர் தவறாக நினைத்தார்கள். இறந்தோரின் சாம்பலையும் கண்ணாடித் தாழிகளில் வைத்தார்கள். உடைந்த துண்டுகளும் வீணாகவில்லை. அவற்றை வாங்கிக்கொண்டு கந்தகக் குச்சி கொடுக்கும் தெரு வியாபாரியைக் கவிஞர் மார்ஷியல் குறிப்பிடுகிறார். துண்டுகள் மீண்டும் உலைக்குப் போயின.

இன்று இவற்றில் மின்னும் வானவில் நிறம் செய்தவர் இட்டதல்ல. நூற்றாண்டுக்கணக்கில் மண்ணின் ஈரத்தில் கிடந்ததால் மேற்பரப்பு மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது.

தமிழகத் தொடர்பு

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, உரோமானியரின் வரிவிளிம்புக் கண்ணாடிக் கிண்ணத் துண்டுகளும் கிடைத்தன. முசிறித் துறைமுகத்தில் இறங்கிய பொருட்களில் வார்க்கப்படாத கண்ணாடிக் கட்டியையும் 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல் சேர்க்கிறது. அரிக்கமேடோ தானே கண்ணாடி மணிகள் செய்த ஊர். ஆகவே கண்ணாடியே அறியாத மக்களிடம் இக்கிண்ணங்கள் வந்து சேரவில்லை. அத்தொழிலை நன்கறிந்த கைகளிடமே வந்து சேர்ந்தன.