ஏரிக்கரையும் மரமும்

மரம் வளர்த்தலும் அறம். ஏரி காத்தலும் அறம். இவ்விரண்டும் ஒரு கரைமேல் முரணுங்கால் எதனைக் கொள்வது? கரையில் தானே முளைத்த அரசினையும் ஆலினையும் களைதல் பாவமென அஞ்சி வாளா விடுவார் பலர். இதன்கண் முன்னோர் வழக்கு யாதென ஆராய்வாம்.

மரக்காணம் பழைய ஓய்மாநாட்டைச் சார்ந்தது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பர் அறிஞர். பூமீசுவரர் திருக்கோயிலிலுள்ள சோழர் கல்வெட்டுக்கள் இதன் பெருமைக்குச் சான்றாவன. கிழக்கே கடல், அயலே உப்பளங்களும் கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பும். மேற்கேயுள்ள ஏரிகளின் மிகைநீர் கழுவெளியிற் புக்குக் கடலைச் சேரும். ஆதலின் இந்நாட்டில் நன்னீரை உவரினின்றும் பிரித்துக் காப்பது ஏரிக்கரை ஒன்றே. ஐப்பசி கார்த்திகை மழையில் அஃது உடையுமாயின், விளைநிலம் அழிவதோடு கோடைக்குரிய நீரும் உவரிற் கலந்தொழியும்.

கரையை மரம் கெடுக்குமாறு யாங்ஙனம்? பருத்த வேர்கள் மண்ணைப் பிளந்து உட்செல்லும். மரம் பட்டபின் அவ்வேர் மட்கி, அவ்விடம் குழாய்போற் புழையாகும். ஏரி நிரம்பியபோது நீர் அப்புழைவழியே கசிந்து மண்ணை அரித்துக் கரையை உடைக்கும். பெருங்காற்றிற் சாயும் மரம் வேரோடு கரைமண்ணையும் பெயர்த்தெடுக்கும். பனையோ எனின், ஆணிவேர் பருத்தோடாது, நார்போன்ற சிறுவேர்களாற் செறிவது. கரைகளிற் பனை வைத்த வழக்கின் நுட்பம் இதுவே.

இனி, உத்தரமேரூரிற் பொறிக்கப்பெற்ற முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) நோக்கற்பாலன. குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்டோருள் தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமைந்தனர். தோட்டம் ஒரு பொறுப்பு, ஏரி பிறிதொரு பொறுப்பு என்று அவர் வகுத்தமை கருதத்தக்கது. பிற்காலத்தே கரைப்புதர் களைதல் முதலியன குடிமராமத்து எனப் பெயர்பெற்றன. அது தளர்ந்தமையாலன்றோ 1858 ஆம் ஆண்டிற் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது! 2017 இல் தமிழ்நாட்டரசு அப்பெயராலேயே பணியை மீண்டும் தொடங்கிற்று.

களைதல் பாவமென்பார்க்கு நாயன்மார் வரலாறே விடை பகரும். திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கையில் ஏந்தியது உழவாரப்படை; திருக்கோயில்களிற் புல்லும் செடியும் களைதலே அவர் கைத்தொண்டு. திருவாரூர்க் குளத்தைத் தண்டியடிகள் தோண்டியபோது, சிற்றுயிர்கள் மடியுமெனச் சமணர் தடுத்தனர். அடிகள் பணியை விட்டாரல்லர். பல்லுயிர்க்கும் நீரூட்டும் நிலையத்தைக் காத்தல் கொலையாகாது, தொண்டேயாம்.

ஆயினும் முறையறிந்து செய்தல் வேண்டும். முளையிலேயே வேரோடு களைதல் நன்று. முதிர்ந்த மரத்தை வெட்டி அடியை மட்டும் விட்டுவிடின், வேர் உள்ளே மட்கித் தீங்கு மிகும். நீர் வற்றிய கோடையில் வேரினை முற்றும் அகழ்ந்து, களிமண்ணைப் படைபடையாக இட்டுத் திமிசு கொண்டு இறுக்குதல் வேண்டும். மதகின் அருகும் கலிங்கின் அருகும் எம்மரமும் ஆகாது. களைந்த ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாகக் கரைக்கு அப்பால் வேறொன்று நடுக. அங்ஙனம் செய்யின் ஈரறமும் நிலைபெறும்.